டிஃப் பாத்தாச்சு

ஏப்ரல் 24, வியாழன்

மனநல டாக்டர் ஹேமலதா எழுதச் சொன்னார். "என்ன தோணுச்சுன்னு எழுத வேண்டாம் அரசி. என்ன செஞ்சீங்கன்னு மட்டும் எழுதுங்க, போதும்." சரி. தோன்றுவதற்கு எதுவும் இல்லாத ஆளுக்கு இது வசதிதான்.

என் கணவர் தயாளன் போய் இன்று நாற்பத்தியோராவது நாள்.

செய்தவை: ஆறரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன். இட்லி மாவு புளித்திருந்தது, கொட்டினேன். தயாளன் போனைச் சார்ஜில் போட்டேன். கேஸ் இணைப்பு அவர் நம்பரில் இருக்கிறது. சிலிண்டர் வந்தால் ஓடிபி அவர் போனுக்குத்தான் வரும். பெயர் மாற்ற இறப்புச் சான்றிதழ் வேண்டும். அது வந்துவிட்டது, மேஜை மேல் கவரில் இருக்கிறது. பிரிக்கவில்லை.

ஆபீஸ் போனேன். லாப்டாப் பையிலிருந்து சார்ஜர் வயர் வால் மாதிரி தொங்குகிறது என்று செக்யூரிட்டி சிரித்தார். முன்பெல்லாம் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பேன். இப்போது திணிப்பதோடு சரி.

இரவு எட்டு மணிக்குப் படுத்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

நாங்கள் செய்வது ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் வைக்கும் மானிட்டர். நாடித்துடிப்பு, ரத்தத்தில் ஆக்சிஜன், இரண்டையும் காட்டும் பெட்டி. அதற்குள் இருக்கும் கெர்னல், அதாவது மற்ற எல்லா மென்பொருளுக்கும் அடியில் உட்கார்ந்து மெமரியைப் பங்கிட்டுக் கொடுக்கும் அந்தப் பகுதி, பன்னிரண்டு வருஷமாக என் பொறுப்பு.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து புகார். மேனேஜர் திவாகர் ஸ்பீக்கரில் போட்டார். நர்ஸ் பெயர் முத்துமாரி. நிதானமாகப் பேசினாள்.

"ஆறாம் நம்பர் பெட்டுல பாட்டிக்கு உடம்பு தொடைக்கிறதுக்காக விரல்ல இருந்து கிளிப்பைக் கழட்டுனேன் சார். கழட்டி டிரேல வச்சிட்டேன். ஸ்கிரீன்ல தொண்ணூத்தியேழுன்னே நிக்குது. தொடைச்சு முடிச்சு, துணி மாத்தி, திரும்பிப் பாக்குறேன், அப்பவும் தொண்ணூத்தியேழு."

"அலாரம் அடிக்கலையா?"

"அடிச்சுதே. ஸ்கிரீன் நல்லாத்தானே காட்டுதுன்னு, அலாரம்தான் கெட்டுப்போச்சுன்னு ஆஃப் பண்ணிட்டோம்."

திவாகர் முகம் வெளுத்துவிட்டது. பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மார்ச் கடைசியில் அனுப்பிய புது மென்பொருள் இருபத்திரண்டு ஆஸ்பத்திரிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. பார்க்கிறேன் என்றேன். சாயங்காலம் ரசம் வைத்தேன்.

ஏப்ரல் 26, சனி

மோட்டார் போட மறந்தேன். பக்கெட்டில் இருந்த தண்ணீரே போதுமானதாக இருந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

ஒரே எண்ணில் ஸ்கிரீன் உறைந்து நின்ற பெட்டிகள் எல்லாம் எட்டு, ஒன்பது நாள் அணைக்காமல் ஓடியவை. எட்டு நாள் என்றதுமே எனக்கு மெமரி மேல் சந்தேகம் வந்தது. பதிவுகளைப் பார்த்தேன். சந்தேகம் சரி.

டவுன் பஸ்ஸில் இருபது சீட் காலியாக இருக்கும். ஆனால் இங்கொன்றும் அங்கொன்றுமாக. நாலு பேர் கொண்ட குடும்பம் ஒன்றாகத்தான் உட்காருவோம் என்று அடம் பிடித்தால் இடம் இல்லை. கண்டக்டர் வந்து, "அண்ணா, நீங்க இப்படி வாங்க, அக்கா, நீங்க முன்னாடி போங்க" என்று நகர்த்தி விட்டால் இடம் கிடைக்கும். கெர்னலில் அந்தக் கண்டக்டர் வேலைக்குப் பெயர் கம்பாக்‌ஷன். எங்கள் ஸ்கிரீன் புதுப்படம் வரைய ஒட்டுமொத்தமாக ஒரு பெரிய துண்டு மெமரி கேட்கும். கிடைக்காவிட்டால் பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். எட்டு நாளில் மெமரி துண்டு துண்டாகிவிடுகிறது. நகர்த்தி விட ஆள் இல்லை.

கண்டக்டர் எங்கே போனார் என்று நாளைக்குப் பார்க்க வேண்டும்.

நாச்சிமுத்து டிபன் பாக்ஸில் கம்புக் களி கொண்டு வந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மென்பொருளைக் கட்டித் தரும் பில்டு வேலை அவருடையது, இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். நாற்பத்தியைந்து நாளாக என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. பாதி சாப்பிட்டேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கிடைத்துவிட்டது.

கெர்னலைக் கட்டும்போது எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்று ஒரு கோப்பில் எழுதுவோம். கான்ஃபிக். ஒன்றை நம்பி ஒன்று நிற்கும். சிலது தன்னோடு இன்னொன்றையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும். ஹியூஜ் பேஜ் என்று ஒரு வசதி, மெமரியைப் பெரிய பெரிய துண்டாகக் கொடுப்பது. அது இருந்தால் கம்பாக்‌ஷன் கட்டாயம் இருக்கும், நீ வேண்டாம் என்று எழுதியிருந்தாலும் சரி.

எங்கள் கோப்பில் அப்படி எழுதியிருந்தது. 2016-இல் யாரோ ஒரு புண்ணியவான், இப்போது கம்பெனியில் இல்லை, கம்பாக்‌ஷன் வேண்டாம் என்று ஒரு வரி போட்டிருக்கிறார். ஹியூஜ் பேஜ் இருந்தவரை அந்த வரிக்கு மதிப்பு இல்லை. ஒன்பது வருஷம் சும்மா கிடந்தது. போன மாதம் மெமரியை மிச்சம் பிடிக்க ஹியூஜ் பேஜை நீக்கினோம். அதை மட்டும்தான் நீக்கினோம். பழைய வரி உயிர் பெற்றுவிட்டது. கம்பாக்‌ஷன் போய்விட்டது. பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. எல்லாம் சுத்தமாகக் கட்டப்பட்டு, சோதனையும் ஆகி, வெளியே போயிருக்கிறது. சோதனையை நாங்கள் மூன்று நாள்தான் ஓட்டுவோம்.

மாற்றம் நுழைந்த தேதி மார்ச் 14, பகல் 11.51. பெயர்: நாச்சிமுத்து.

மேற்கொண்டு எதையும் பார்க்கவில்லை. துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஏப்ரல் 30, புதன்

கூட்டம். திவாகர், தரப்பிரிவு ஆட்கள் மூன்று பேர், நாச்சிமுத்து, நான்.

பலகையில் எழுதி விளக்கினேன். அந்த 2016 வரி # குறியில் தொடங்குகிறது. நிரல் எழுதுகிறவர்களுக்கு # என்றால் வெறும் குறிப்பு, மெஷின் அதைப் படிக்காது. கெர்னல் கான்ஃபிக்கில் மட்டும் அது குறிப்பு இல்லை, உத்தரவு. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒருதடவை இதில் வழுக்கி விழுவார்கள். அதனால்தான் எந்த மாற்றம் செய்தாலும் முன்னால் ஒரு முழு கான்ஃபிக், பின்னால் ஒரு முழு கான்ஃபிக் எடுத்து, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்கச் சொல்வேன். டிஃப். இந்த விதியை நானே அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஆபீஸில் அதற்கு 'அரசி டிஃப்' என்று பெயர். என் முதுகுக்குப் பின்னால் வேறு பெயரும் இருக்கலாம்.

திவாகர் கேட்டார், "நாச்சிமுத்து, அரசி டிஃப் எடுத்தீங்களா?"

"நான்தானுங்க போட்டேன்."

"போட்டது தெரியுது. டிஃப் எடுத்தீங்களா?"

"எடுத்தாச்சுன்னு நெனச்சனுங்க."

"நெனச்சீங்களா? யாரு எடுத்தான்னு நெனச்சீங்க?"

அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் பலகையை அழித்தேன். நன்றாகத்தான் விளக்கினேன் என்று தரப்பிரிவுப் பெண் பாராட்டினாள்.

மே 1

விடுமுறை. தூங்கினேன். தயாளன் போனுக்கு யாரோ தவறுதலாகப் போன் செய்தார்கள். எடுத்து, "அவர் இல்லை" என்றேன். எப்போது வருவார் என்று கேட்டார்கள்.

மே 2, வெள்ளி

திருத்தம் சுலபம், ஒரு வரி. கட்டி, எட்டு நாளைக்கான வேலையை முப்பது மணி நேரத்தில் அடைத்துப் பெட்டிக்குக் கொடுத்துப் பார்த்தேன். உறையவில்லை. நாளைக்குப் பொள்ளாச்சி போய் முதலில் அங்கே மாற்ற வேண்டும். மற்ற ஆஸ்பத்திரிகளுக்கு, மாற்றும்வரை பெட்டியை நாளுக்கு ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லிக் கடிதம் போயிருக்கிறது.

திவாகர் கூப்பிட்டு, அறிக்கையை நான் எழுத வேண்டும் என்றார். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குள், என் கையெழுத்தோடு.

"ஒரு ஆளோட கவனக்குறைவுன்னு போட்டா முடிஞ்சுது அரசி. நடைமுறை தப்புன்னு போட்டா எல்லா மாடலையும் தோண்டுவாங்க. நாச்சிமுத்துவைப் பில்டுல இருந்து எடுத்தாச்சு. அறிக்கை வந்ததும் அனுப்பிடச் சொல்லி மேல இருந்து வந்திருச்சு."

"எங்க அனுப்புறது?"

"வீட்டுக்குத்தான்."

சரி என்றேன். இப்போதெல்லாம் எதற்கும் சரி என்பதுதான் வாயில் வருகிறது.

மாடிப்படியில் நாச்சிமுத்துவைப் பார்த்தேன். மேஜையைக் காலி செய்து, ஒரு அட்டைப் பெட்டியில் காலண்டரும் தண்ணீர் பாட்டிலும் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"நீங்க ஏன் கூட்டத்துல ஒண்ணும் சொல்லல?" என்றேன். கேட்டது நான்தானா என்று எனக்கே தெரியவில்லை.

"என்னங்க சொல்றது? அன்னைக்கு என்ன நாளுன்னு எனக்குத் தெரியுமுங்க. அதைக் கொண்டுபோயி அத்தனை பேருக்கு முன்னாடி வச்சுப் பேச எனக்கு வாய் வரலீங்க மேடம்."

"பெட்டி கனமா இருக்கா?"

"இல்லீங்க. காலிதானுங்க."

போய்விட்டார். வீட்டுக்கு வந்து அறிக்கைக்குத் தலைப்பு மட்டும் தட்டச்சு செய்தேன்.

மே 3, சனி

பொள்ளாச்சி. பஸ்ஸில் போனேன். பன்னிரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிஷம். முத்துமாரி நான் நினைத்ததை விடச் சின்னப் பெண். ஆறாம் நம்பர் கட்டிலில் இருந்த பாட்டி வீட்டுக்குப் போய்விட்டாளாம். இப்போது அங்கே ஒரு தாத்தா.

"இப்ப நம்பலாமா மேடம்?" என்று கேட்டாள்.

"கிளிப்பைக் கழட்டிப் பாருங்க."

கழற்றினாள். எண் போய் இரண்டு கோடு வந்தது. அலாரம் அடித்தது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்பாடா, அடிக்குது" என்றாள்.

கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. டாக்டர் வரும்வரை தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே உட்காரச் சொன்னார்கள். நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரே கம்பியில் நாலு கோத்தது. லாப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளேயிருந்து ஒரு ஆயாம்மா கதவைத் திறந்து, "ரங்கசாமி அட்டெண்டர் யாருங்க?" என்று கத்தினாள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். பாட்டில் உருண்டு என் காலடிக்கு வந்தது.

அப்படித்தான் ஓட வேண்டும்.

இதை எழுதிவிடுகிறேன். என்ன செய்தேன் என்றுதானே எழுதச் சொன்னார்.

மார்ச் 14. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி. தயாளனுக்குக் கணையத்தில் தொற்று, உள்ளே ஒன்பதாவது நாள். வெளியே இதே மாதிரி நாற்காலி. மடியில் லாப்டாப். அந்த வாரம் புது மென்பொருள் அனுப்பும் வாரம். வேலை இருந்ததால்தான் என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடிந்தது. ஆயாம்மா வந்து, "தயாளன் அட்டெண்டர்!" என்றாள். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை கூப்பிடுவார்கள். மருந்துச் சீட்டு, டயபர், ரத்தப் பரிசோதனைப் பாட்டில். நான் நிமிராமல், "ரெண்டு நிமிஷம்" என்றேன்.

ஹியூஜ் பேஜ் வரியை நீக்கினேன். ஆஸ்பத்திரி இணையத்தில் ஆபீஸ் சர்வருக்குள் போக முடியவில்லை. அதனால் மாற்றத்தை நாச்சிமுத்துவுக்குப் போனில் அனுப்பினேன். "உங்க பேர்ல போட்டுடுங்க. டிஃப் பாத்தாச்சு."

பார்க்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் பார்க்கவில்லை. அவர் என்னை நம்பினார். நானும் என்னை நம்பித்தான் எழுதினேன்.

உள்ளே போனபோது மானிட்டரை அணைத்திருந்தார்கள். எங்கள் கம்பெனி மானிட்டர் இல்லை. அந்த நிலைமையிலும் அதைக் கவனித்திருக்கிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து திரும்பி வரும்போது ஜன்னல் சீட் கிடைத்தது.

மே 4, ஞாயிறு

அறிக்கையை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் பெயர். அது நன்றாக வந்திருக்கிறது. ஒரு இடத்தில்கூடப் பொய் இல்லை. மாற்றத்தைச் சேர்த்தது நாச்சிமுத்து, உண்மை. டிஃப் எடுக்கப்படவில்லை, உண்மை. பதிவுகளைத் தோண்டினாலும் என் பெயர் எங்கேயும் வராது. என்னுடைய அந்தச் செய்தி அவர் போனிலும் என் போனிலும்தான் இருக்கிறது. அவர் காட்ட மாட்டார்.

வெட்கமாக இருந்தது. ஐம்பது நாளில் எனக்கு ஏதாவது ஒன்று தோன்றுவது இதுதான் முதல் தடவை.

சாயங்காலம் சான்றிதழ்க் கவரைப் பிரித்தேன். இறந்த நேரம் 11.45. என் போனில் செய்தி போன நேரம் 11.42. நான் உள்ளே போனது 11.46 இருக்கும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது.

மே 5, திங்கள்

பதினொரு மணிக்குக் கூட்டம். நாச்சிமுத்துவையும் வரச் சொல்லுங்கள் என்றேன். எதற்கு என்றார் திவாகர். வரச் சொல்லுங்கள் என்று மறுபடி சொன்னேன்.

அறிக்கையைப் படிக்கவில்லை. போனை எடுத்து அந்தச் செய்தியைப் படித்தேன், தேதியும் நேரமும் சேர்த்து. "உங்க பேர்ல போட்டுடுங்க. டிஃப் பாத்தாச்சு." பிறகு, "நான் பாக்கல. பொய் சொன்னேன்" என்றேன். கடைசியில் ஒன்று சேர்த்துக்கொண்டேன்: ஒரு ஆள் சொன்னதை நம்பி டிஃப் இல்லாமல் மாற்றம் உள்ளே போக முடிகிறது என்றால் நடைமுறையும் தப்புதான், எல்லா மாடலையும் தோண்ட வேண்டும்.

தரப்பிரிவுப் பெண் அழ ஆரம்பித்தாள். எதற்கு என்று தெரியவில்லை, அவளுக்கு என்னை அவ்வளவாகத் தெரியாது.

திவாகர், "அன்னைக்கு உங்க நிலைமை..." என்று இழுத்தார்.

"அதை அறிக்கையில் போட வேண்டாம்" என்றேன்.

கெர்னல் என் பொறுப்பில் இனி இல்லை. மேலே என்ன முடிவு செய்வார்கள் என்று இந்த வாரம் தெரியும். நாச்சிமுத்து நாளை முதல் பழைய மேஜைக்கு வரலாம்.

வெளியே வந்ததும் அவர் என்மேல் பாய்ந்தார். அவருடைய இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"அஞ்சு நாளுங்க மேடம். சொல்லுவாங்களா மாட்டாங்களான்னு எங்க வீட்டுல கேட்டுட்டே இருந்தாங்க. நீ போய்ச் செய்தியக் காட்டுன்னு சண்டை வேற. நான் சொல்லுவாங்கன்னு சொல்லிட்டே இருந்தனுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க."

"எனக்கும்தான்" என்றேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாப்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தன் டிபன் பாக்ஸைத் திறந்து பாதிக் களியை மூடியில் வைத்துக் கொடுத்தார். முழுவதும் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து, ஆபீஸ் லாப்டாப்பைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். மார்ச் 14-க்கு முந்தைய கோப்பு, பிந்தைய கோப்பு, இரண்டையும் எடுத்து அரசி டிஃப் ஓட்டினேன். ஐந்து வரி வந்தது. நாலாவது வரியில் கம்பாக்‌ஷன் பளிச்சென்று இருந்தது. பார்த்திருந்தால் கண்ணில் படாமல் போயிருக்காது.

ஓட எடுத்துக்கொண்ட நேரம் பதினொரு நொடி.

11.42-க்குச் செய்தி அனுப்பிவிட்டேன். உள்ளே போனது 11.46. இரண்டுக்கும் நடுவில் நாலு நிமிஷம். டிஃப் பார்க்கவும் இல்லை, அவரைப் பார்க்கவும் இல்லை. அந்த நாலு நிமிஷம் என்ன செய்தேன் என்று ஐம்பத்திரண்டு நாளாக எனக்குத் தெரியும், எழுதவில்லை. லாப்டாப்பை மூடினேன். சுவரிலிருந்து சார்ஜரைப் பிடுங்கினேன். வயரை முறுக்கு விழாமல் ஒழுங்காகச் சுற்றினேன். ரப்பர் பேண்டைப் பைக்குள் தேடி எடுத்துப் போட்டேன்.